அம்மாவின் பாதி அலமாரி

ஸ்லைடிங் கதவு போட்ட அலமாரியில் ஒரு நேரத்தில் பாதியைத்தான் திறக்க முடியும். ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் மூடிக்கொள்ளும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடி மட்டுமே இருக்கும் ஃப்ளாட் படுக்கையறைகளில் வேறு வழியும் இல்லை. சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வலது பாதி அம்மாவுடையது.

போன வருஷம் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் கையில் பழைய பிடி வரவில்லை. அந்த நாட்களில் கொடியில் காய்கிற இரண்டு புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வேற புடவையே இல்லையா?"

"வீட்லதானே இருக்கேன், இது போதும்."

மறுநாள் அவள் அலமாரிக் கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். கதவு அசையவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒரு புடவை எடுக்க ஆள் கூப்பிடுவதைவிட, பழையதையே கட்டுவது அவளுக்கு மேலாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் இறங்கினோம். ஏழடி உயரப் பலகைக் கதவு 20 கிலோ இருக்கும். ஒற்றை ஆளாகக் கழற்றக் கூடாது. முன்னால் ஓடும் கதவுதான் முதலில். மேல் சேனலுக்குள் நேராகத் தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்தால் கையோடு வந்துவிடும். எங்கள் கதவின் மொத்த பாரமும் கீழே இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்களில்தான். மேல் சேனல், சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்.

சக்கரத்தின் அச்சு முழுக்க முடி. பாதி நரை, பாதி என்னுடையது. டிராக்கில் தூசி, புடவை நூல், துருப்பிடித்த ஒரு ஊக்கு. பழைய டூத் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் எடுத்தோம். "தேங்காய் எண்ணெய் விடவா?" என்றான் தம்பி. எண்ணெய் விட்டால் ரெண்டு நாள் நல்லா ஓடும், அப்புறம் தூசி ஒட்டிப் பசையாகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும். ஒரு சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அளவு சொல்லிக் கேட்காமல், அதையே ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய் ஜோடி வாங்கினேன்.

மாட்டிப் பார்த்தால், கதவின் மேல் முனை பக்கப் பலகையை ஒட்டியிருக்க, கீழே ஒரு விரல் சந்து. அந்தப் பக்கத்துச் சக்கரம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரூ உண்டு. திருகினால் கதவு ஏறும், இறங்கும். பாரம் இறங்கியிருக்கும்போது திருகினால் மரை கெட்டுவிடும் என்பதால் தம்பி கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான். அரைச் சுற்று, தள்ளிப் பார். மறுபடி அரைச் சுற்று. நாலாவது தடவையில் சந்து மறைந்தது.

அம்மா இடது கையின் இரண்டு விரலால் தள்ளினாள். கதவு போய் முட்டி நின்றது. உள்ளே புடவை அடுக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, தரையில் கிடந்த டூத் பிரஷ்ஷை எடுத்துத் தன் தட்டில் வைத்தாள்.

"மாசாமாசம் இந்தக் குப்பைய நானே எடுத்துக்கறேன். நீ ஸ்க்ரூவ மட்டும் பாத்துக்கோ."