காலி வீதியின் கணக்கு

கொழும்புக் காலிமுகத்திடலில் தொடங்கும் காலி வீதி தென்கரையைச் சுற்றிக்கொண்டு போய் வெல்லவாயவில் முடிகிறது. முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நான் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தைத் துண்டில். 2020 மார்ச் தொடக்கம் 2022 ஜூலை வரை கொவிட்டாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் நாடு பட்ட பாட்டில் பெரும்பங்கை இந்த ஒரு வீதியிலேயே பார்த்துவிட்டோம்.

வீதியின் தலைமாட்டில் ஜனாதிபதி செயலகம். அதன் வாசலில், ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்று போராடியவர்களின் கூடாரங்கள் 2022 ஏப்ரல் 9இல் எழுந்தன. மே 9 அன்று பிரதமரின் கொள்ளுப்பிட்டி அலரி மாளிகைக் கூட்டத்திலிருந்து பொல்லுகளோடு கிளம்பியவர்கள் இதே வீதியால் போய் அந்தக் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். ஜூலை 22 விடியுமுன் மிஞ்சியவற்றை அகற்ற இராணுவம் வந்தது. இவை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தவை. தெற்கே சில கிலோமீற்றர் தள்ளி நாங்கள் பட்டது படத்தில் வரவில்லை.

2020 மார்ச் 20 மாலை கொவிட் ஊரடங்கு விழுந்தது. கொழும்பில் அது மே 26 வரை நீடித்தது. விடிய நாலு மணிக்கே பஸ் இரையும் வீதியில் கடற்சத்தம் கேட்டது. பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோதான் எங்கள் தெருவுக்கு மணிக்கூடு. சத்தம் கேட்டதும் ஒவ்வொரு படலையாகத் திறக்கும். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்தே ஆளை அடையாளம் பிடிக்கப் பழகினோம். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற வீடுகள் கால்வாய்க் கரையில் எத்தனையோ. மாடி வீட்டுக்காரர் பலர் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் பொதிசெய்து கொடுத்தார்கள். 5,000 ரூபாய் அரச உதவி கிடைத்த வீடும் உண்டு, கேட்டுக் கேட்டுக் களைத்த வீடும் உண்டு.

தொற்றுக்கும் இந்த வீதிக்கும் பழைய உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொலராவுக்குப் பயந்து வெள்ளைக்காரர் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்த, போக முடியாத செட்டிமார் கொழும்பிலேயே ஆடிவேல் எடுத்தார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் வரலாறு. செட்டியார் தெருவிலிருந்து வெள்ளித் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும். நான் சிறுவனாக அப்பாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறேன்: காளைகளின் கொம்பில் பூ, வீதியோரம் மதிலில் சாய்த்த கரும்புக் கட்டு, கடை வாசலெல்லாம் நிறைகுடம். பானகம் ஊற்றிக் கொடுத்தவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். தேர் ஆறுதலாக ஊரும். காத்துநின்று நித்திரை வந்துவிடும். தேர் கிட்ட வந்ததும் அப்பா என் காலைச் சுரண்டுவார். கற்பூரப் புகையில் கண் எரியும், ஆனாலும் மூட மனம் வராது. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அதே வீதியில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. அதன்பிறகு பல ஆண்டுகள் தேர் வரவில்லை.

அதனால்தான் 2022இல் போராட்டத்துக்குப் போக எங்கள் வீடுகளில் அவ்வளவு தயக்கம். மார்ச்சில் காஸ் வரிசை காலி வீதி விளிம்பில் நீண்டு கிடந்தது. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டி, சோக்கால் பெயர் எழுதி வைத்திருந்தோம். எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெரியவர் தன் பிளாஸ்டிக் கதிரையை எனக்கும் முறைவைத்துத் தந்தார். பின்னேரம் மின்வெட்டு. இருட்டிலும் வரிசை கலையவில்லை. வரிசையில் நின்றவர்கள்தான் பிறகு காலிமுகத்திடலுக்குப் போனார்கள். அம்மா மட்டும் விடவில்லை. "தம்பி, அங்கால போகாதை. நாளைக்குக் குழப்பம் எண்டு வந்தா முதல் எங்கடை கதவைத்தான் தட்டுவாங்கள்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

ஆனாலும் மே 18 அன்று போனேன். 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்த தமிழரை நினைவுகூரும் நாள் அது. கடற்கரையில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும். சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள், விளக்கேற்றினார்கள். எங்கள் கதை முழுவதும் அவர்களுக்கு விளங்கியது என்று நான் சொல்லமாட்டேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வடக்கில் ஐந்து வருடமாகத் தெருவில் இருந்தபோது இந்தக் கூட்டம் எங்கே போனது என்ற கேள்வியும் எனக்குள் இருந்தது. ஆனால் 83இல் நாங்கள் ஓடிய வீதியின் தொடக்கத்தில், எங்கள் இறந்தவர்களுக்காகப் பகிரங்கமாக நின்றார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

கூடாரங்கள் போனபின் அதிகாரிகள் புல்வெளிக்கு ஆன சேதத்துக்கு ரூபாய்க் கணக்குப் போட்டார்கள். எரிபொருள் வரிசைகளில் நின்று நின்றே உயிர்விட்டவர்களுக்கு அப்படியொரு கணக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தெஹிவளைப் பாலத்துக்கு அங்கால் வீதி எனக்கு வேகமாக ஓடிவிடும். கல்கிசை, பாணந்துறைக் கரைகளில் 2021இல் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. களுத்துறையில் ஆற்றுப் பாலமும் போதியும். பேருவளையில் 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையேறிக் கிடந்த சிறு படகுகள்.

அளுத்கமவில் மட்டும் நிற்க வேண்டும். 2014 ஜூனில் அங்கு முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆறு வருடம் கழித்து, கொவிட்டில் இறந்தவர்களை, புதைப்பதே வழக்கமான முஸ்லிம்களையும் சேர்த்து, கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசு விதி போட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான முஸ்லிம் பிள்ளையையும் எரித்தார்கள். அதை எதிர்த்துப் பொறளை மயானக் கதவில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் விதி நீங்கியது. அதன்பிறகும் கொழும்பில் இறந்தவரைப் புதைக்கக் கிழக்கே ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

காலி, மாத்தறை தாண்டினால் ஹம்பாந்தோட்டை. கடன்வாங்கிக் கட்டிய துறைமுகம் அங்கேதான். பிறகு வீதி வடக்கே திரும்பி வெல்லவாயவில் முடிந்துவிடுகிறது.

பொருளாதாரம் விழுந்ததற்கு முன்னாள் ஜனாதிபதியும் அவர் சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. எவரும் சிறைக்குப் போகவில்லை. உடல்களை எரித்ததற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு மட்டும் போதாது. வரிசைகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் அரசு நட்டஈடு கொடுக்க வேண்டும். ஆட்சி மாறினாலும் இந்தக் கோரிக்கையை நாம் விடக்கூடாது.