கழிவு யார் வீட்டில்?

எங்கள் மணியாச்சிப் பக்கம் மின்சாரம் என்றால் முதலில் கயத்தாறு காற்றாலைதான். ஆடியில் ஓயாமல் சுற்றும். ஐப்பசியில் பாதி நாள் சும்மா நிற்கும். அதனால், “ராப்பகலா ஓடுற ஒண்ணு வேணும்ல” என்று கூடங்குளம் அணுமின் நிலையத்துக்காகப் பேசுகிறவர்களை எனக்குப் புரிகிறது. புரியாதது கழிவுக் கணக்கு.

1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இந்த நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது, எரிந்து முடிந்த எரிபொருளைச் சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதுதான் பேச்சு. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. 1998-ல் ரஷ்யாவோடு புதுப்பித்தபோது அந்த ஷரத்து மாறிவிட்டது: கழிவு இந்தியாவுக்கே. மறுபடி பதப்படுத்தினால் புளூட்டோனியம் கிடைக்கும் என்பது டெல்லியின் கணக்கு. (அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.) ஆனால் அதுவரை கழிவு கிடப்பது கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரைக்குப் பக்கத்தில்.

இப்போது தலா 1000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. இன்னும் நான்கு வருகின்றன. யுரேனியம் ரஷ்யாவிலிருந்து வருகிறது. நாடுகளுக்கிடையே தூய மின்சாரத்துக்கான கூட்டுறவு என்று மேடையில் பேசும்போது வருகிறதைச் சொல்கிறார்கள், தங்குகிறதைச் சொல்வதில்லை. உலைக்கு வெளியே கழிவை வைக்கும் கிடங்குக்கு 2019-ல் ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள்.