துவிச்சக்கர வண்டியில் கேதீச்சரம் முதல் கோணேச்சரம் வரை

இலங்கையின் மேற்குக் கரையிலே, பழம்பெரும் துறைமுகமாகிய மாதோட்டத்தில், பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. கிழக்குக் கரையிலே, ஆழ்கடலின்மீது எழுந்து நிற்கும் பாறையிலே திருக்கோணேச்சரம் விளங்குகின்றது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இவ்விரண்டுமேயாம். வாகனத்திலேறி இரு தலங்களையும் ஒரே நாளிலே தரிசித்து மீள்வோர் பலர். நாமும் அவ்வாறு சென்றதுண்டு. கண்ணயர்ந்தால் வவுனியா, மறுபடியும் கண்ணயர்ந்தால் திருகோணமலை என்றவாறு அப்பயணம் முடிந்துவிடும். இடையே கிடக்கும் நாட்டை மனைவி மக்களுடன் துவிச்சக்கர வண்டியிலே கடந்து பார்க்கவேண்டும் என்னும் அவா எமக்கு நெடுநாளாய் உண்டு. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையிலே அது கைகூடியது.

இவ்வெண்ணத்தை நாம் வீட்டிலே வெளியிட்ட அன்று, எம் அன்னையார் முற்றத்திலே பனங்காய் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பாராமலே, "சைக்கிளோடை வீட்டை விட்டு வெளிக்கிட்டது காணாதோ, தம்பி?" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எமக்கு விளங்கும். இளைய வாசகர்களுக்கு அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எரிபொருளுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. ஆசிரியரும் வைத்தியரும் வியாபாரியும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். விறகும் நெல்மூடையும் நோயாளியுங்கூட அதிலேயே சென்றன. பின்னர் 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வந்தது. வலிகாமத்து மக்கள் ஒருசேரத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட இரவு அது. அப்பொழுது எமக்கு 14 வயது. மழையும் இருளுமாய்க் கிடந்த தெருவிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியெடுத்து வைக்கவும் இடமில்லாத சனத்திரள். எம் தந்தையாரின் றலி வண்டியின் கரியரிலே பாட்டியார் அமர்ந்திருந்தார். ஒரு கைபிடியிலே அரிசிப் பை, மற்றதிலே சுவாமியறைக் குத்துவிளக்கு. தந்தையார் உருட்ட, நாம் பின்னின்று தள்ளினோம். சில மைல் செல்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. ஆயிரமாயிரம் வண்டிகள் அத்தெருவிலே சென்றன. ஆனால் ஏறி ஓடியவர் ஒருவரையும் நாம் காணவில்லை. அத்தனையும் உருட்டப்பட்ட வண்டிகளே.

தந்தையார் இன்று இல்லை. அவருடைய றலி நெடுங்காலம் பின்கொட்டிலிலே கிடந்தது. 2022 ஆம் ஆண்டு நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது அதனை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, கல்லூரிக்கு ஓடத் தொடங்கினோம். மகளும் மகனும் வண்டியோடப் பழகியதும் அவ்வாண்டிலேயே. ஆகவே அன்னையாருக்குத் துவிச்சக்கர வண்டி என்றால் ஓர் இரவு. பிள்ளைகளுக்கோ அது விளையாட்டு. நாம் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றோம். துணைவியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே தம் லுமாலா வண்டியைக் கொண்டுபோய்ப் பிறேக்கைப் பார்ப்பித்து வந்தார். அதுவே அவருடைய சம்மதம் என்று கொண்டோம். நல்லூர்க் கொடியேறி நின்ற காலமாதலின், தேருக்கு முன்பு திரும்பிவிடுவோம் என்று அன்னையாருக்கு வாக்களித்தோம். புறப்படும் வேளையில் அவர் ஒரு தகரப்பேணி நிறையப் பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து எம் கரியரிலே கட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.

மைத்துனரின் சிறு லொறியிலே வண்டிகளை ஏற்றிப் பூநகரி வழியாகத் திருக்கேதீச்சரம் சேர்ந்தோம். போர்த்துக்கேயர் இடித்த இக்கோயிலின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பர். 1872 இல் ஆறுமுக நாவலர் இதனை மீளக் கட்டவேண்டுமென்று சைவ மக்களை வேண்டினார். போர்க்காலத்திலே மறுபடியும் தொண்டர் செல்லுதற்கரிதாய்க் கிடந்து, 2022 யூலையிலே கருங்கற் கோயிலாய்க் குடமுழுக்குக் கண்டது. பாலாவியிலே கால் நனைத்து, விடியற்பூசை கண்டு, நான்கு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புறப்பட்டன. முன்னே மகள், அடுத்து மகன், பின்னே துணைவியார், கடைசியில் நாம். இவ்வொழுங்கை இறுதிவரை மாற்றவில்லை. பின்னால் வருபவருக்கு எல்லோரும் கண்ணிலே தெரிவர். முன்னால் செல்பவர் சிறியவராயின் ஓட்டம் எவருக்கும் மிகாது.

ஓகஸ்ற் மாதம் வன்னியிலே வெயில் கொடிது. ஆயினும் அக்காலத்திலே தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, மேற்கிலிருந்து கிழக்கே செல்பவனுக்கு முதுகிலே கைவைத்துத் தள்ளும் தோழனாகின்றது. இதனை எண்ணியே கேதீச்சரத்தைத் தொடக்கமாகவும் கோணேச்சரத்தை முடிவாகவும் கொண்டோம். எதிர்த்திசையிலே சென்றிருந்தால் முதல்நாளே பிள்ளைகள் சலித்திருப்பர்.

முருங்கனுக்கு அருகே கட்டுக்கரைக்குளத்தைக் கண்டோம். தாதுசேனன் காலத்தது என்று கூறப்படும் பெருங்குளம் அது. அருவியாற்று நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து தேக்கி, மன்னார்ப் பெருநிலத்து வயல்களை அது ஊட்டுகின்றது. கோடையாதலின் நீர் உள்ளொடுங்கிக் கிடந்தது. ஓரத்துச் சேற்றிலே கொக்குகளும் நாரைகளும் நின்றன. தலைமன்னார் இரயில் பாதை எமது வீதியோடு பல இடங்களில் உடன் வந்தது. போரிலே அழிந்த இப்பாதை 2015 இல் மீண்டும் தலைமன்னார்வரை திறக்கப்பட்டது. வண்டியொன்று எம்மைக் கடந்தபோது மகன் கையசைத்தான். யன்னல்தோறும் கைகள் அசைந்தன. வாகனத்திலே சென்றிருந்தால் எவர் எமக்குக் கையசைத்திருப்பர்?

அன்றிரவு செட்டிகுளத்திலே, எம்முடன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆசிரிய நண்பரின் இல்லத்திலே தங்கினோம். அப்பகுதி எம் துணைவியாருக்குப் புதியதன்று. கிளிநொச்சியைச் சேர்ந்த அவர், 2009 இல் இலட்சக்கணக்கான மக்களோடு மெனிக் பாம் முகாமிலே சில மாதங்களைக் கழித்தவர். 2012 இல் அம்முகாம் மூடப்பட்டது. மறுநாட் காலை அவ்வழியே செல்கையில் அவராகவே வண்டியை நிறுத்தினார். பற்றைக் காட்டைக் காட்டி, "இஞ்சை முழுக்கக் கூடாரம்" என்றார். "எங்கையம்மா குளிக்கிறது?" என்று மகன் கேட்டான். ஆறு கிடக்கும் திசையைக் காட்டினார். பின்பு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்து, எம்மை நோக்காமலே ஏறி மிதிக்கத் தொடங்கினார். அதன்பின் பூவரசன்குளம் வரையும் அவரே முன்னே சென்றார். எமது ஒழுங்கு ஒருமுறை குலைந்தது அப்பொழுதேதான், நாம் தடுக்கவில்லை.

வவுனியாவிலே உறவினர் வீட்டில் இளைப்பாறி, மூன்றாம் நாள் ஹொரவப்பொத்தானை வீதியிலே திரும்பினோம். இங்கே சிங்களக் கிராமங்கள் தொடங்குகின்றன. நாடு மட்டும் மாறவில்லை: அதே குளம், அதே அணைக்கட்டு, அதே மருதமரம், அதே வரண்ட வயல். கெபிதிகொல்லாவைக்குச் சற்று முன்னே எமது றலியின் பின்சில்லிலே காற்றுப் போயிற்று. அங்குமிங்கும் பார்த்து வீதியோரத்திலே ஒரு சிறு சைக்கிள் கடையைக் கண்டு உருட்டிச் சென்றோம்.

கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெரியவர். ரியூபைக் கழற்றிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியிலே அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பிடித்து, அரத்தால் உரைத்துச் சொலுசன் தடவினார். அது காயும்வரை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இத்தகைய பழைய றலி எங்கே கிடைத்தது என்று வினவினார். மகள் பாடசாலையிலே கற்ற சிங்களம் பாதியும், அவர் அறிந்த தமிழ் பாதியுமாய்ப் பேச்சு நடந்தது. தந்தையாருடையது என்றும், 1995 இல் பாட்டியாரை ஏற்றி இரவு முழுவதும் உருட்டியது என்றும் மகள் தடுமாறிச் சொல்லி முடித்தாள். பெரியவர் சிறிது நேரம் ஒட்டின்மேலே கட்டைவிரலை அழுத்தியபடி இருந்தார். பின்பு தம் கதையைக் கூறினார். 2006 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள் அப்பகுதியிலே பயணிகள் பேருந்தொன்று கண்ணிவெடியிலே சிக்கி, அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அச்சத்தால் ஊர்கள் பல வெறுமையாயின. அவரும் பாயையும் பானையையும் வண்டியிலே கட்டி, பிள்ளைகளை நடத்தி, வீட்டை விட்டுச் சென்றவரே. வண்டியை ஓடினீர்களா என்று மகள் கேட்டாள். அவர் தலையசைத்து, உருட்டியதைக் கையாலே காட்டினார்.

பின்னிருந்த பாரத்தைக் குறைக்கும்படி எம்மைக் கடிந்துகொண்டார். பழைய ரயருக்கு இத்தனை சுமை ஆகாதாம். கூலியை வாங்கிக்கொண்டார், நாம் கொடுத்த பணியாரத்தையும் வாங்கிக்கொண்டார். மாலையிலே யானை இறங்கும், நான்கு மணிக்குள் ஹொரவப்பொத்தானையைச் சேர்ந்துவிடுங்கள் என்று இருமுறை எச்சரித்தார். அவ்வாறே செய்தோம்.

நான்காம் நாள் பன்குளம் கடந்து கன்னியா வெந்நீரூற்றுக்களை அடைந்தோம். அங்குள்ள ஏழு கிணறுகளின் சூடு சிறிது சிறிது வேறுபடும். பிள்ளைகள் ஒவ்வொன்றாய் நீரள்ளி ஊற்றித் தரவரிசை வகுத்தனர். கால்நோவு போன இடம் தெரியவில்லை. அங்கிருந்து திருகோணமலை அண்மையே.

நான்கு நாளிலே நாம் கடந்த தூரம் 170 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இவ்வாறு செல்ல விரும்பும் குடும்பத்தாருக்கும் மாணவருக்கும் சிலவற்றைக் கூறலாம். காலை ஐந்து மணிக்கே புறப்பட்டுப் பத்து மணிக்கு நிழலை அடைதல் நன்று. தண்ணீரைத் தாகமெடுக்குமுன் குடிக்கவேண்டும். மாற்று ரியூப், காற்றுப் பம், ஒட்டுச் சாமான் ஆகிய மூன்றும் இன்றிப் புறப்படலாகாது. சிறியவரின் வேகமே எல்லோருடைய வேகமுமாதல் வேண்டும். காட்டு வீதியிலே பொழுதுபட ஓடுதல் ஆகவே ஆகாது.

பிரெட்றிக் கோட்டை வாயிலினுள்ளே மான்கள் நிழலிலே படுத்திருந்தன. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களையும் கோட்டை கட்டவே கொண்டனர். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியிலே கடலுள் மூழ்கி அவ்வாலயத்தின் எச்சங்களைக் கண்டனர். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியபடியே, ஏற்றம் கடிதாதலின் நால்வரும் இறங்கி வண்டிகளை உருட்டிச் சென்றோம். தரிசனம் முடித்து, பாறை விளிம்பிலே கடற்காற்றிலே நின்று, அன்னையாருக்குத் தொலைபேசியில் பேசினோம்.

"அம்மா, வந்து சேர்ந்திட்டம்."

"நாலு பேருமோ?"

"நாலு பேரும்."

"ஓடினியளோ, உருட்டினியளோ?"

"ஓடினனாங்கள், அம்மா. கோயில் ஏத்தத்திலை மட்டும் உருட்டினனாங்கள்."

மறுமுனையிலே சிறிது நேரம் ஓசையில்லை. பின்பு, "தேருக்கு முன்னம் வந்திடுங்கோ" என்றார்.