தேயும் சப்பாத்தும் தேறாத சிக்கனமும்

பம்பலப்பிட்டியில் கடலை அண்டி வாழும் நமக்கு உப்புக்காற்றின் குணம் தெரியும். சாளரக் கம்பிகள் துருவேறும், பூட்டுகள் இறுகும். அவற்றுக்கெல்லாம் தவறாது எண்ணெய் இடும் நாம், வாசலில் கிடக்கும் ஓட்டச் சப்பாத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த அலட்சியத்துக்கு எமது வீடு கொடுத்த விலையை இங்கே கூறுகின்றோம்.

எம் மகன் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக, விடியற்காலையில் மரைன் டிரைவ் வழியே வெள்ளவத்தைவரை ஓடிப் பழகுபவன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி சரியவே, புதிய சப்பாத்து எம் கைக்கெட்டாப் பொருளாயிற்று. பழையதோ குதிக்காலில் தேய்ந்து, முன்புறம் வாய் பிளந்து நின்றது.

"1960இல் உரோமாபுரியில் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் மரதன் ஓடி வென்றாரே!" என்றோம்.

"1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்தும் வென்றாரே அப்பா!" என்றான்.

வாதத்தில் தோற்ற நாம் பசையை எடுத்தோம். ஒட்டுவதற்கும் ஒரு முறையுண்டு. பிளந்த இடத்து மண்ணையும் பழைய பசையையும் நீக்கி, நன்கு உலர்த்தி, அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். சப்பாத்துக்குரிய பசையை இரு பக்கமும் மெல்லிதாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் பொறுத்து, ஈரம் வற்றியபின் அழுத்தி, கயிற்றால் இறுகக் கட்டி ஓரிரவு விட்டுவிட வேண்டும். அவ்வாறே செய்தோம். பிளவு மூடியது. எம் கெட்டித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

சில வாரங்களில் மகன் படியிறங்கும்போது முகஞ்சுளிப்பதைக் கண்டோம். கணைக்காலில் நோவு! பல நாளாகவே இருந்ததாம். எமது கைமுட்டை அறிந்த பிள்ளை வாய் திறக்கவில்லை. மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். அவ்வருடப் போட்டி கைநழுவியது.

காலி வீதியோரத்தில் சப்பாத்துத் தைக்கும் பெரியவரிடம் அதைக் காட்டினோம். அவர் அடிக்கு மேலுள்ள நுரைப்படையைப் பெருவிரலால் அழுத்தினார். அது கல்லாய் இருந்தது. பக்கங்களில் சுருக்கங்கள் ஓடியிருந்தன. மேசையில் வைத்தபோது ஒருபுறம் சாய்ந்தது.

"ஐயா, அடியை ஒட்டலாம். செத்துப்போன மெத்தைக்கு உயிர் கொடுக்க என்னால் ஏலாது," என்றார்.

கால் நிலத்தில் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்த நுரையே. பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் ஓடியதும் அது தன் மீள்திறனை இழந்துவிடுகிறது. வாரம் 25 கிலோமீற்றர் ஓடுபவனுக்கு அது 20 முதல் 32 வார ஆயுளேயாம்! வெளியே தெரியும் பிளவைக் கண்ட நாம், உள்ளே நிகழ்ந்த மரணத்தைக் காணவில்லை.

1876இல் ஹெனரத்கொடப் பூங்காவில் வேரூன்றிய இறப்பர், இன்று நம் நாட்டின் செல்வங்களுள் ஒன்று. ஆயினும் வெயிலில் கிடந்தால் இறப்பர் இறுகி வெடிக்கும் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். நனைந்த சப்பாத்தினுள் பழைய பத்திரிகைக் கடதாசியைத் திணித்து நிழலிற் காயவிடுக. கடல்நீர் பட்டால் நன்னீரால் துடைத்தெடுக்க. நாடாவை அவிழ்த்தே கழற்றுக. குதிக்காலை மிதித்துக் கழற்றினால் பின்புறம் குலையும். ஓட்டச் சப்பாத்துடன் கடைக்குச் செல்லாதிருத்தலும் நன்று. குதிக்கால் சற்றே தேயும்போது அதற்குரிய இறப்பர்ப் பசையைப் பூசினால், தேய்வு நுரையைத் தீண்டுமுன் தடுக்கலாம்.

இப்போது எம் வீட்டு நாட்காட்டியில், பால் கணக்கின் அருகே மகன் ஓடிய தூரமும் எழுதப்படுகிறது. எழுதுபவர் நாமே. மாலையில், "கால் நோகிறதா?" என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. முன்னது பொருளைக் காக்கும். பின்னது பிள்ளையின் காலைக் கேட்கும்.