ஒரு ரவைக்கு நான்கு இழுப்பு

தீவகத்தில் நாங்கள் துப்பாக்கி என்று சொல்வதில்லை, துவக்கு என்போம். அதில் இடுவது ரவை. ரவையின் முனையிலிருந்து பாய்ந்து செல்வது சன்னம். வெடித்தபின் மிஞ்சும் வெற்றுக்கூடு கோது. கச்சான் கோதுக்கும் புளியங்கோதுக்கும் வழங்கிய அந்தச் சொல், போர்க்காலத்தில் இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளிருப்பது போனபின் எறியப்படும் பொருள் என்ற அளவில் பொருத்தமான சொல்தான்.

ஆனால் உலகின் வேறொரு பகுதியில் கோதை எவரும் எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, கழுவி, மறுபடியும் நிரப்புகிறார்கள். வட அமெரிக்காவில் இது ஒரு பழைய வீட்டுக் கைத்தொழில். கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் வாழும் வேலணை நண்பர் ஒருவரும் அதைச் செய்கிறார். இலக்குச் சுடும் கழகம் ஒன்றில் அவர் நெடுங்காலமாக உறுப்பினர். சிறிய கைப்பிரஸ் ஒன்றில் ரவை நிரப்பி வந்த அவர், பெரிய பிரஸ் வாங்க விரும்பினார். அவருடைய மனைவி மறுத்துவிட்டார். "அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து அவவோட கதையுங்கோ" என்று என்னை அழைத்தார். பத்திரிகைக்காரன் எல்லாவற்றுக்கும் நியாயம் சொல்வான் என்பது அவருடைய நம்பிக்கை. அங்கு நான் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் மருந்து நிரப்புவது எங்கள் மண்ணுக்கு முற்றிலும் புதிதல்ல. வன்னியில் பயிரைக் காக்க உழவர்கள் வைத்திருந்த இடியன் துவக்கு அப்படிப்பட்டதுதான். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ஈயத்தைப் போட்டு, கோலால் இடிப்பார்கள். அந்த இடியே அதற்குப் பெயராயிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய காலத்தில், பீரங்கியும் இப்படித்தான் நிரப்பப்பட்டது. மருந்து, சன்னம், பற்றவைக்கும் பிரைமர் மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடக்கிய ரவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய புதுமை. அதற்குப் பின்னரே நிரப்பும் வேலை தொழிற்சாலைக்குப் போயிற்று.

ரவையின் பாகங்களில் விலைகூடியது பெரும்பாலும் கோதுதான். நல்ல கோது பித்தளையால் ஆனது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். வெடிக்கும்போது அது விரிந்து, மருந்துப்புகை பின்னால் வராதபடி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கி வெளியே வரும். மறுபடியும் அளவுக்கு ஒடுக்கி, புதிய பிரைமர் வைத்து, மருந்தும் சன்னமும் சேர்த்தால் அதே கோது பலமுறை உதவும்.

எல்லாக் கோதும் இதற்கு இடந்தராது. பிரைமரில் இரு முறைகள் உண்டு. ஒன்று ஆங்கிலேயரான பொக்ஸர் வகுத்தது. அதில் கோதின் அடியில், நடுவே ஒற்றைத் துளை இருக்கும். ஓர் ஊசியால் தள்ளினாலே பழைய பிரைமர் விழுந்துவிடும். மற்றது அமெரிக்கரான பேர்டன் வகுத்தது. அதில் நடுவே ஒரு முளையும் அதன் பக்கங்களில் சிறு துளைகளும் இருக்கும். ஊசி அதில் நுழையாது. விந்தை என்னவென்றால், அமெரிக்கர்கள் ஆங்கிலேயருடைய முறையைக் கைக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் படைத்துறைக்கு அமெரிக்கருடைய முறை நிலைத்தது.

இலங்கைப் போரில் மிகுதியாக ஒலித்த துவக்கு சீனாவின் ரி-56. அதன் கோது பெரும்பாலும் இரும்பு. மேலே செம்போ அரக்கோ பூசியிருக்கும். பிரைமர் பேர்டன் முறை. போர் முடிந்தபின் ஒருமுறை வேலணையில் ஒரு சிறுவன் நெஸ்டமோல்ட் பேணி நிறையப் பொறுக்கி வைத்திருந்த கோதுகளை எனக்குக் காட்டினான். உப்புக்காற்றில் பூச்சு உரிந்து, துருவேறி இருந்தன. அடியில் இரண்டு எண்கள்: தொழிற்சாலையின் எண் ஒன்று, செய்யப்பட்ட ஆண்டு மற்றொன்று. யார் சுட்டார், யார்மீது சுட்டார் என்பதை அந்த எண்கள் சொல்லா. ஒருமுறை வெடித்து எறியப்படுவதற்கென்றே செய்யப்பட்ட கோதுகள் அவை. ஆயினும் மண்ணுக்குள் அவை சும்மா கிடப்பதில்லை. கண்ணிவெடி அகற்றுவோரின் கருவி உலோகம் பட்டதும் ஒலிக்கும். ஒலித்த இடம் ஒவ்வொன்றையும் வெடி என்றே எண்ணி, மண்டியிட்டு, மெதுவாகக் கிண்டிப் பார்க்க வேண்டும். வெற்றுக் கோதுகள் அந்த வேலையை இப்படித்தான் நீளச் செய்கின்றன.

இனி, பிரஸ்ஸைப் பற்றி. எங்கள் இடியப்ப உரலை நினைத்துக்கொண்டால் விளங்கும். கைப்பிடியை இழுத்தால் தண்டு மேலெழுந்து, தன் தலையில் பொருத்திய கோதை டை எனப்படும் அச்சுக்குள் தள்ளும். ஓர் அச்சு கோதை ஒடுக்கிப் பழைய பிரைமரைத் தள்ளும். அடுத்தது வாயை விரித்து மருந்துக்கு வழிவிடும். மூன்றாவது சன்னத்தை அமர்த்தும். நான்காவது வாயை இறுக்கும்.

இதற்கான பிரஸ் மூவகைப்படும். முதல்வகையில் ஒரே அச்சுக்குத்தான் இடமுண்டு. நூறு கோதையும் முதலில் ஒடுக்கி முடித்து, அச்சைக் கழற்றி, அடுத்ததைப் பூட்டி, மறுபடி நூறையும் எடுக்க வேண்டும். உறுதியானது, மலிவானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. மூன்றாம் வகை தொடர் பிரஸ். பல கோதுகள் ஒரே நேரத்தில் வட்டத்தில் நின்று சுழலும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழு ரவை பெட்டியில் விழும். இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது டரெட் பிரஸ். அச்சுகள் எல்லாம் சுழலும் ஒரு தலையில் பூட்டியபடியே இருக்கும். கோது மட்டும் ஒன்றுதான். தலை சுழன்று சுழன்று அச்சுகளை அந்த ஒரு கோதுக்கு மேலே கொண்டுவரும். நான்கு இழுப்பில் ஒரு ரவை முடியும்.

டரெட் வகையிலும் தெரிவுகள் உண்டு. அமெரிக்காவில் லீ நிறுவனத்தின் பிரஸ்ஸில் தலைக்கு நான்கு துளைகள். கைப்பிடி இழுக்கையில் முறுக்கிய கோல் ஒன்று தலையைத் தானே திருப்பும். கோலைக் கழற்றிவிட்டால் கையால் திருப்பிக்கொள்ளலாம். தலை முழுவதையும் தூக்கி எடுத்து, வேறு ரவைக்கு ஆயத்தமான இன்னொரு தலையை வைக்கலாம். 1878 முதல் இயங்கும் லைமன் நிறுவனத்தின் பிரஸ்ஸில் எட்டுத் துளைகள். ரெடிங் நிறுவனத்தின் டி-7 இல் ஏழு. இவ்விரண்டிலும் தலையைக் கையால் திருப்ப வேண்டும்; கட்டுமானம் கனமானது. டரெட் பிரஸ்ஸில் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அச்சு தலையின் ஓரத்தில் இருப்பதால், தண்டு தள்ளும்போது தலை மயிரிழையளவு சாயும். தொலைதூர இலக்குக்கு ரைபிள் ரவை செய்வோருக்கு அது கவலை. கைத்துப்பாக்கிக்கு அது பொருட்டல்ல. என் நண்பர் சுடுவது .38 ஸ்பெஷல் ரிவோல்வர். ஆகவே அவருக்கு எது பொருந்தும் என்பதை வேகமும் பாதுகாப்புமே முடிவுசெய்ய வேண்டியிருந்தன.

.38 ஸ்பெஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. கரும்புகை மருந்துக்கு வேண்டிய இடமெல்லாம் அதன் கோதில் உண்டு. இன்றைய புகையற்ற மருந்து அதில் அடியில் சிறிதளவே கிடக்கும். மறதியால் இருமுறை மருந்து விழுந்தாலும் கோது வழியாது. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அப்படிப்பட்ட ரவை துவக்கையே பிளந்து கையைக் கொண்டுபோகலாம். மருந்து விழவே மறந்தால் வேறொரு கேடு: பிரைமரின் உந்துதலால் மட்டும் சன்னம் குழலுக்குள் பாதிவழி போய் நின்றுவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

இங்கேதான் டரெட் பிரஸ்ஸின் நற்குணம் இருக்கிறது. மேசைமேல் இருப்பது ஒரே ஒரு கோது. மருந்து விழுந்தபின் இழுப்பை நிறுத்தி, விளக்கொளியில் உள்ளே பார்த்து, பிறகு சன்னத்தை வைக்கலாம். தொடர் பிரஸ்ஸிலும் பார்க்க முடியும். அதற்கெனத் தனிக் கருவிகளும் உண்டு. ஆனால் அங்கே பல கோதுகளில் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதால் கவனம் சிதற இடமுண்டு. அச்சுக்கூடத்தில் காலங்கழித்த எனக்கு இது உடனே புரிந்தது. ஒப்புநோக்குபவர் எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது பிழை அகப்படும். பக்கம் பக்கமாகப் புரட்டும்போது தப்பிவிடும். பத்திரிகைப் பிழைக்கு மறுநாள் திருத்தம் போடலாம். ரவைக்கு மறுநாள் இல்லை.

நண்பரின் வேலையிடத்தைப் பார்த்தேன். சுவரோடு இறுக்கிய கனமான மேசை. மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்துப்புட்டி, அதுவும் கடையில் வாங்கிய புட்டியே. மருந்தின் அளவை நூலில் பார்த்துத்தான் எடுக்கிறார். நண்பர்கள் சொல்லும் கணக்கை ஏற்பதில்லை. தராசை நிறைகல் வைத்து ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறார். கண்ணாடி அணிகிறார். பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதால், வெடித்த கோதை உலர்வாகக் குலுக்கித் துடைத்தால் ஈயத்தூசி பறக்கும். ஆகவே நீரில் கழுவுகிறார். கையைக் கழுவாமல் வீட்டுக்குள் எதையும் தொடுவதில்லை.

கனடாவில் இவை எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. துவக்கு வைத்திருப்பவருக்கு 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்பலாம், விற்கக்கூடாது. 2022 ஒக்டோபர் 21 முதல், சில விலக்குகள் தவிர, கைத்துப்பாக்கியை வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது. நண்பரிடம் இருப்பது அதற்கு முன்பு வாங்கியது. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டமும் நடைமுறையில் இருக்க, தீவகத்து வீடொன்றில் இப்படியொரு மேசையை நினைத்தும் பார்க்க இயலாது.

நண்பரின் மனைவியோடு பேசினேன். சட்டம், ஈயம், வெடிப்பு என்று நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது அவர் பள்ளிச் சிறுமி. அந்த நாட்களில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவே இல்லை. எஞ்சியோர் குடாநாட்டுக்கு ஓடினார்கள். ஓடுவதற்கு முந்திய இரவு, வீட்டுக்குப் பின்னால் சீமெந்து முற்றத்தில் கோதுகள் விழும் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். வெடிச்சத்தம் இப்போது நினைவில் இல்லை என்றார். கோது விழுந்து உருண்ட சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"சின்ன பிரஸ்ஸில இவர் ஒண்டொண்டா எடுத்து வைப்பார், அண்ணை. எனக்குக் கேக்கிறதில்லை. அந்தப் பெரிய மெசினை வீடியோவில காட்டினவர். ஒண்டுக்கு மேல ஒண்டு கொட்டிக்கொண்டே இருக்குது. அந்தச் சத்தம் என்ர வீட்டுக்க வேண்டாம்."

நண்பருக்கு இது அதுவரை தெரியாது. முப்பது ஆண்டு இல்லற வாழ்வில் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அவர் ரிவோல்வரைப் பற்றிச் சொன்னார். தானே நிரப்பிக்கொள்ளும் துவக்குகள் கோதை வெளியே எறியும். ரிவோல்வர் எறிவதில்லை, சுட்டபின் கோது உருளைக்குள்ளேயே இருக்கும். கையால்தான் எடுக்க வேண்டும். அதற்காகவே அதை வாங்கினாரா என்று கேட்டேன். இல்லை, தற்செயல் என்றார்.

டரெட் பிரஸ்ஸே போதும் என்று அன்று முடிவாயிற்று. மணிக்கு நூறு ரவைக்கு மேல் அவர் செய்வதில்லை. முடிந்த ரவையைக் கையால் எடுத்து, துளையிட்ட மரத்தட்டில் நிறுத்துகிறார். மனைவி விதித்தவை இரண்டு: வேலை வாகனக் கொட்டகையில் மட்டும் நடக்க வேண்டும், ஒவ்வொரு ரவைக்கும் கணக்கு வேண்டும். அதற்கென அவரே ஒரு பள்ளிக் கொப்பியில் கோடு கீறிக் கொடுத்தார்: செய்தது, சுட்டது, திரும்பி வந்த கோது.

இதுபோன்ற பிரஸ் வாங்கக் கருதும் வாசகர் எவரேனும் இருந்தால், என் எளிய கருத்து இதுதான். மணிக்கு எத்தனை என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், ஒவ்வொன்றையும் நின்று பார்க்க அது இடம் தருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைக் கேளுங்கள். அந்த வீட்டில் வாழும் மற்றவரையும் கேளுங்கள்.

கடந்த மாதம் நண்பர் அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினார். கடைசி வரி மனைவியின் கையெழுத்தில் இருந்தது: செய்தது 100, சுட்டது 100, கோது 100. அடியில் சிறு குறிப்பு. நான்கில் வாய் வெடித்திருந்தது. குறட்டால் நசுக்கிக் கழித்தாயிற்று.