பேர் வெட்டின சாமான்கள்

போன மாதம் சிநேகிதி ஒருத்திக்குத் துணையாக ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். அவள் யாழ்ப்பாணத்தில சின்னதாக ஒரு தேத்தண்ணிக் கடை தொடங்கப் போகிறாள். சுவரிலும் மேசையிலும் 'பழைய யாழ்ப்பாணம்' தெரிய வேணுமாம். நான் சும்மாதான் போனேன். திரும்பி வரும்போது என்ர கையில ஒரு மூக்குப்பேணி இருந்தது.

கடை என்றால் நீட்டுக்கு ஒரு தகரக் கொட்டில். நடுவில ஓராள் நடக்கிற வழி மட்டும்தான். இரண்டு பக்கமும் கூரை முட்டச் சாமான். கால் உடைஞ்ச சாய்மனைக் கதிரை, அதுக்கு மேல றங்குப்பெட்டிகள், கையால சுத்துற தையல் மெசின், பெற்றோமக்ஸ், ஒரே கம்பியில தூக்கின ஏழெட்டு அரிக்கன் லாம்பு, திருவலை, இடியப்ப உரல், படம் இல்லாத படச்சட்டங்கள். தூசியும் பழைய எண்ணெயும் கலந்த மணம். அம்மம்மாவின் சாமானறைக் கதவைத் திறந்தால் வருகிற அதே மணம்.

நான் பிறந்தது 1998 இல. இந்தச் சாமான்களில முக்கால்வாசியை நான் பாவிச்சதே இல்லை. பிறகு ஏன் கண்டவுடன் நெஞ்சு இளகுது? எல்லாம் கேட்ட கதைகளால வந்த ஏக்கம்தான்.

ஒரு தட்டில கறுத்துப்போன ஜாம் போத்தல் ஒன்று இருந்தது. சிநேகிதிக்கு அது என்ன என்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குக் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, அதில ஊறின கொஞ்ச எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்திலதான் அம்மா ஏ.எல். படிச்சவ. சைக்கிளைக் கவிழ்த்து வைச்சுப் பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோச் செய்தி கேட்ட காலம். "வடிவான விண்டேஜ் லாம்பு" என்றாள் சிநேகிதி. அம்மா கேட்டிருந்தால் சிரிச்சிருப்பா. அந்த லாம்பைப் பற்றி அம்மா ஒருநாளும் வடிவு என்று சொன்னதில்லை. புகையால காலமை மூக்குக்குள்ள கரி இருக்கும் என்றுதான் சொல்லுவா.

மூக்குப்பேணி ஒரு சருவத்துக்குள்ள கிடந்தது. பித்தளை. மூக்கு கொஞ்சம் நெளிஞ்சிருந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்தி இரண்டு எழுத்து: பொ. சி.

"உதுதான் எங்கட பண்பாடு. வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம்" என்றாள் சிநேகிதி. உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் பேணியில குடிக்க, வேலைக்கு வந்த சனத்துக்கு முற்றத்தில வைச்சுச் சிரட்டையில தண்ணி ஊத்தினதும் இதே ஊர்தான். பண்பாடு என்று சொல்லேக்க அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்.

விலை கேட்டேன். ஐயா 4,500 சொன்னார்.

"நெளிஞ்சிருக்கு ஐயா, கொஞ்சம் குறையுங்கோ."

"பேர் கிடக்கெல்லோ பிள்ளை. பேர் வெட்டினதுக்கு விலை கூட. வெளிநாட்டால வாற ஆக்கள் அதைத்தான் கேப்பினம்."

"ஆற்ற பேர்?"

"எனக்கென்ன தெரியும்? பித்தளை கிலோக் கணக்கில வரும். நல்லதைத் தெரிஞ்சு எடுத்து வைக்கிறது."

கடைசியில 3,800 க்குத் தந்தார்.

அம்மம்மாவுக்குக் காட்டினால் சந்தோசப்படுவா என்று நினைச்சன். அவ பேணியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தை விரலால தடவினா.

"உதை ஏன் வாங்கினனி?"

"வடிவாக் கிடந்தது அம்மம்மா."

"பேர் ஏன் வெட்டுறது, தெரியுமோ?"

தெரியாது. பெருமைக்கு என்று நினைச்சிருந்தேன். அவ சொன்னா: கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அயலட்டையில இருந்துதான் சாமான் இரவல் வாங்குறது. கிடாரம், சருவம், செம்பு, பேணி எல்லாம் ஒரே கிணத்தடியில குவிஞ்சு கிடக்கும். மாறுப்படாமல் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகத்தான் பேர்.

"திரும்பி வாறதுக்கு வெட்டின பேர், பிள்ளை. உது திரும்பிப் போகேல்லை."

பிறகு எழும்பிக் குசினிக்குப் போனா. மேல் தட்டில இருந்த பெரிய சருவத்தை இறக்கச் சொன்னா. பொங்கலுக்கும் திவசத்துக்கும் எடுக்கிற சருவம். அதன் விளிம்பில 'க. வே.' என்று இருக்கும். சின்ன வயசில இருந்து பார்க்கிறன். பூட்டனாரின் பேராக்கும் என்றுதான் நினைச்சிருந்தேன்.

"உது எங்கட இல்லை" என்றா.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் ஒரே இரவில வீடுகளை விட்டு எழும்பினது. எங்கட வீட்டாரும் அந்தச் சனத்தோட, மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனவை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில நாலு குடும்பம். அதில ஒரு குடும்பம் மட்டும் இந்தச் சருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கு. நாலு குடும்பத்துக்கும் கஞ்சி அதிலதான். 1996 சித்திரையில ஆமி தென்மராட்சிக்கும் வந்தபோது, கொஞ்சச் சனம் ஊருக்குத் திரும்பினது, கொஞ்சச் சனம் கிளாலிக் கடலால வன்னிக்குப் போனது. சருவக்காரர் ஓரிரவில வன்னிக்குப் போட்டினம்.

"உங்களிட்டத் தந்திட்டோ போனவை?"

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தரேல்லை. கிடந்தது. எடுத்தன்."

ஊருக்குத் திரும்பி வந்து பார்க்க, எங்கட வீட்டில அலுமாரியும் இல்லை, அம்மம்மாவின் சீதனக் குத்துவிளக்கும் இல்லை, கதவு நிலைகூட இல்லை. "எங்கட சாமானை எடுத்தவனை நாள் முழுக்கத் திட்டினனான். பிறகு உலை வைக்க இந்தச் சருவத்தைத்தான் எடுத்தன்" என்றா. பாதை திறந்த 2002 இல வன்னியால வந்த ஆக்களிட்ட விசாரிச்சிருக்கிறா. ஒருதருக்கும் தெரியேல்லை. 2009 க்குப் பிறகு கேக்கிறதை விட்டிட்டா. ஒருமுறை பூச்சுக்குக் குடுக்க, பூசிறவர் பேரைத் தேய்ச்சு எடுத்துவிடவோ என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றிட்டா.

"ஆரும் வந்து கேட்டால் பேர் இருக்கோணுமெல்லோ."

அந்தச் சருவத்தில பொங்கின எத்தனை பொங்கல் சாப்பிட்டிருப்பன்!

கடையில பார்த்த றங்குப்பெட்டிகளையும் படமில்லாத சட்டங்களையும் இப்ப நினைச்சுப் பார்க்கிறேன். அதில சிலதை வீட்டுக்காரரே வித்திருக்கலாம். கஷ்டத்துக்கு, பயணத்துக்கு, இடம் காணாமல். சிலது அப்பிடி இல்லை. தூசியைத் தட்டிப் பார்த்தால் எது எது என்று தெரியாது. பழசு வடிவு என்று நாங்கள் சுவரில கொழுவிறதுக்குப் பின்னால, அதைத் தேடி அலுத்துப்போன ஒரு அம்மம்மா எங்கேயோ இருக்கலாம்.

சிநேகிதியின் கடை அடுத்த மாதம் திறக்குது. லாம்புகள் சுவரில ஏறிட்டுது. பேணியையும் கேட்டாள். "அது ஆக்களின்ர சாமான்" என்று சொன்னேன். அவளுக்கு விளங்கினதோ தெரியாது.

இப்ப பேணி குசினித் தட்டில சருவத்துக்குப் பக்கத்தில இருக்கு. ஒருதரும் அதில குடிக்கிறதில்லை. உங்கட வீட்டுப் பித்தளைச் சாமானையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ. பேர் இருந்தால், அது ஆற்ற பேர் என்று வீட்டில பெரியாக்களிட்டக் கேளுங்கோ.

மூக்கு நெளிஞ்ச பேணி, கழுத்துக்குக் கீழே 'பொ. சி.' விளிம்பில 'க. வே.' என்று வெட்டின பெரிய சருவம். உங்கட ஆக்களின்ர என்றால் சொல்லுங்கோ. காசு ஒன்றும் வேண்டாம். அம்மம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. அவ இருக்கேக்கயே வந்தால் நல்லது.