கொல்லிமலை ஏறும் கார்... எங்கிருந்து வருது இந்த ‘டொக்’ சத்தம்?

நாமக்கல்லுக்குள் நுழைந்தாலே இரும்பு தட்டும் சத்தம்தான் வரவேற்கும். மலைக்கோட்டை, ஆஞ்சநேயர், முட்டை என்று ஊருக்குப் பல பெருமைகள். ஆனாலும் லாரிக்குத்தான் முதல் மரியாதை. பாடி கட்டும் பட்டறை, ஸ்பிரிங் பட்டை போடும் பட்டறை, டயர் கடை என்று எங்கு திரும்பினாலும் வண்டித் தொழில்தான்.

இங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி அடிவாரம். அதற்கு மேல் கொல்லிமலை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால், குழந்தைகளுக்கு எண்ணிக்கொண்டே வருவதே ஒரு விளையாட்டு.

காரில் வரும் சத்தத்தைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் கியர், இரண்டாம் கியரில்தான் வண்டி ஊரும். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர். சக்கரத்தில் எழும் சத்தம் அதில் மோதி நேராகக் காதுக்கே வரும். அதோடு, ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் போய் விழும். நகரத்துச் சாலையில் சும்மா இருந்த தேய்மானம், மலையில் வாய் திறந்துவிடும்.

அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் போனபோது அப்படித்தான். இருபதாவது வளைவு தாண்டியதும் முன்பக்கம் இடது புறத்தில் ‘டொக்... டொக்...’. "என்னப்பா அது சத்தம்?" என்றார் அம்மா. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினோம். முதல் வேலையாக டிக்கியில் இருந்த ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

மெதுவாக ஓட்டிச் சோளக்காடு போய்ச் சேர்ந்து விசாரித்தோம். ஜீப், பிக்கப் வேலை பார்க்கும் ஒரு பெரியவரைக் காட்டினார்கள். நாமக்கல் லாரிப் பட்டறையில் பழகியவராம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுறப்ப சத்தம் வருதா, ஒரு சக்கரம் மட்டும் குழியில விழறப்ப வருதா?"

ஒரு சக்கரம் விழும்போதுதான்.

"பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே குழியில எறக்குனா?"

அப்போதும் வருகிறது. "நின்னுருந்தா பிரேக் பேடு ஆடுதுன்னு அர்த்தம்ங்க" என்றார்.

பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அசைவில்லை. "பால் ஜாயின்டும் பேரிங்கும் கெட்டியா இருக்குங்க." இடமும் வலமும் ஆட்டினார். ஸ்டீயரிங் ராடு முனையும் சரி. கடைசியாக உள்ளே கைவிட்டு ஒரு சின்னக் கம்பியைப் பிடித்து ஆட்ட, அதே ‘டொக்’!

ஸ்டெபிலைசர் லிங்க். வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது இதுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அந்தக் கம்பிக்கு வேலையில்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால் கம்பி முறுக்கும். தேய்ந்த லிங்க் தட்டும். முதல் கேள்வியிலேயே அவர் பாதி கண்டுபிடித்துவிட்டார்!

"இதோட மெதுவா எறங்கிறலாமுங்க. பால் ஜாயின்டா இருந்திருந்தா வண்டிய எடுக்கவே விட்டிருக்க மாட்டேன். அது கழண்டா சக்கரமே மடங்கிரும்" என்றார். பிள்ளைகள் அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வார்த்தை மட்டும் காதில் நின்றது.

ஊர் திரும்பியதும் ஒரு வொர்க்‌ஷாப்பில் எடுத்த எடுப்பிலேயே, "ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாத்தணும் சார்" என்றார்கள். முதலில் லிங்கைப் பாருங்கள் என்றேன். சில நூறு ரூபாயில், அரை மணி நேரத்தில் முடிந்தது. சத்தம் போயே போய்விட்டது.

உங்கள் காருக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்:

* நிறுத்திய காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘கிறீச்’, ‘டொய்ங்’ என்று கேட்டால் ஸ்ட்ரட் மவுன்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* பிரேக் பிடிக்கும்போதும் வண்டி எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம்.

* குழியில் ‘தொம்’மென்று இடித்து, பிறகும் வண்டி தொட்டில்போல ஆடினால் ஷாக் அப்சார்பர். அதன் மேல் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

* வேகம் கூடக் கூட ‘ஊம்’ என்ற ரீங்காரமும் கூடினால், டயர் தேய்மானத்தையும் வீல் பேரிங்கையும் சோதிக்க வேண்டும்.

* ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஓட்டும்போது ‘டக டக டக’ என்றால் அது சஸ்பென்ஷன் இல்லை. டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்.

பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் ராடு, உடைந்த ஸ்பிரிங் இந்த மூன்றில் எதைச் சந்தேகித்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

கொல்லிமலைக்குப் போகிறீர்களா? அரப்பளீஸ்வரரைக் கும்பிடுங்கள், ஆகாய கங்கைக்குப் படி இறங்குங்கள், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பாருங்கள். காரவள்ளியில் முதல் ஐந்து வளைவுக்கு மட்டும் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். உங்கள் காரும் ஏதாவது சொல்லும்!